செதில் கையுறை பின்னுவது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும்

காட்பாடியிலிருந்து சென்னை போகும் ரயிலில் இதைக் கையில் வைத்துப் பின்ன ஆரம்பித்தால் போதும், அரக்கோணம் வருவதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து கேள்வி வந்துவிடும். விஐடி மாணவர்கள் வேஷத்துக்காகக் கேட்கிறார்கள், வீட்டில் ஸ்வெட்டர் பின்னுகிற அக்காக்கள் ஆசையில் கேட்கிறார்கள், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கையுறை தைக்கிறவர்கள் தொழில் கண்ணோடு கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

செதில் கையுறைன்னா என்ன? நிஜ மீன் செதிலா, அலுங்கு செதிலா?

இரண்டும் இல்லை. மெல்லிய உலோகத் தகட்டில் இலை வடிவத்தில் வெட்டி, லேசாகக் குழித்து, மேல் பக்கம் ஒரு துளை போட்ட செதில்கள். பெரும்பாலும் அலுமினியம், சாயம் ஏற்றிப் பல நிறங்களில் வரும். நூலால் கையுறை பின்னிக்கொண்டே போகும்போது குறிப்பிட்ட கண்ணிகளில் (ஊசியில் விழும் நூல் வளையங்களில்) இந்தச் செதிலைக் கோத்துவிடுவோம். ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படிந்து நிற்கும்.

அலுங்கு, அதாவது உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புதின்னி, என்று கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அலுங்கின் செதிலிலேயே செய்த ஒரு கவச அங்கி இந்தியாவிலிருந்து 1820-ல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பரிசாகப் போயிருக்கிறது, இப்போதும் அங்கே ஆயுத அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைக்கு அலுங்கு சட்டப்படி முழுப் பாதுகாப்பில் உள்ள உயிர். அதன் ஒரு செதிலை வைத்திருந்தாலே வழக்கு வரும். யாராவது விற்கிறேன் என்றால் வாங்காதீர்கள்.

கத்தி, சூடு இதுலேர்ந்தெல்லாம் கையைக் காப்பாத்துமா?

காப்பாற்றாது. அந்தக் காலத்து ரோமானியப் படையின் செதில் கவசத்தில் செதில்களை ஒன்றோடு ஒன்று பிணைத்து, துணியிலோ தோலிலோ இறுக்கித் தைத்திருப்பார்கள். நம்முடையதில் ஒவ்வொரு செதிலும் ஒரே ஒரு நூல் கண்ணியில் தொங்குகிறது, கீழிருந்து ஒரு முனை நுழைந்தால் தூக்கிக்கொண்டு வழிவிடும். அலுமினியம் சூட்டையும் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும் என்பதால் வெல்டிங், அடுப்பு, கரண்டு வேலை எதற்கும் இதைப் போடக் கூடாது. பைக் ஓட்டவும் வேண்டாம். இது அழகுக்கான ஆடை, மேடைக்கான ஆடை. அந்த அளவில் இதற்கு ஈடு கிடையாது என்பது என் எண்ணம்.

வேலூர் வெயில்ல இதையெல்லாம் போட முடியுமா?

அக்னி நட்சத்திரத்தில் மதியம் வெளியே போட முடியாது. 40 டிகிரிக்கு மேல் போகிற ஊர் இது, வெயிலில் நின்றால் செதில் கையைச் சுடும், கறுப்புச் செதில் இன்னும் சீக்கிரம் சூடேறும். சாயங்கால நிகழ்ச்சி, ஏசி அரங்கம், மார்கழிக் காலை, ஏலகிரி பயணம் இதற்கெல்லாம் தாராளமாகப் போடலாம்.

நூலைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக்தான் கொடுப்பார்கள். உறுதியானது, விலை குறைவு, ஆனால் கை வேர்க்கும். பருத்தி நூல் குளிர்ச்சி, இருந்தாலும் இழுத்த பிறகு பழைய அளவுக்குத் திரும்புகிற குணம் அதற்குக் குறைவு, உலோக எடையில் தொங்கிவிடும். நிஜ ஆட்டுக் கம்பளிக்கு அந்தக் குணம் நிறைய உண்டு, ஆனால் நம் ஊரில் வருஷத்தில் சில வாரம்தான் தாங்கும். பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த, நன்றாக முறுக்கேறிய நூல் இந்த ஊருக்குச் சரி. தளர்வாக, பஞ்சு பஞ்சாக இருக்கிற நூலைத் தொடாதீர்கள், செதிலின் துளை விளிம்பு அதை அரித்துவிடும்.

எனக்கு குரோஷா மட்டும்தான் தெரியும், அதுல பண்ணலாமா?

பண்ணலாம். ஆனால் குரோஷாத் துணி தடிமனாகவும் விறைப்பாகவும் வரும், கையோடு நீண்டு சுருங்காது. கச்சிதமாக ஒட்டி நிற்க வேண்டுமானால் இரண்டு ஊசிப் பின்னல்தான். நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணிகளும் தெரிந்து, வட்டமாகப் பின்ன வந்தால் போதும், வேறு பெரிய வித்தை எதுவும் வேண்டாம்.

செதில் எங்க கிடைக்கும்? இங்கயே பட்டறையில வெட்டிக்கலாமா?

கனடாவின் சஸ்கடூன் நகரத்தில் இருக்கிற தி ரிங் லார்ட் என்ற கடை இதில் பெயர் பெற்றது, அங்கிருந்து நேராக வரவழைக்கலாம். சுங்க வரி சேரும், ஆகவே கணக்குப் போட்டு, உடைவதற்கும் தொலைவதற்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டி, ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். பின்னால் வாங்கினால் அதே நிறம் ஒரு மாற்றுக் குறைந்தோ கூடியோ வரும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

பட்டறையில் டை (வெட்டும் அச்சு) அடித்து வெட்டுவது முடியாத காரியமில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: விளிம்பில் பிசிர் இருக்கக் கூடாது, துளைக்குள்ளும் இருக்கக் கூடாது. குளிர்பான டப்பாவைக் கத்தரியால் வெட்டிச் செய்த செதில்களைச் சிலர் கொண்டுவந்து காட்டினார்கள். அந்த விளிம்பு நூலையும் அறுக்கும், விரலையும் அறுக்கும். சின்னப் பிள்ளைகளின் வேஷத்துக்குப் பிளாஸ்டிக் செதில் வாங்குங்கள், எடையும் குறைவு. எதையும் வாயில் வைக்கிற வயசுக் குழந்தைக்கு எந்தச் செதிலும் வேண்டாம்.

எஃகு, பித்தளை, அலுமினியம் எது நல்லது?

அலுமினியம். கையுறைக்கு ஏற்ற சின்னச் செதில் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் நீளம், 14 மில்லிமீட்டர் அகலம், எடை கால் கிராமுக்குக் கொஞ்சம் மேல். எஃகு அதைப்போல மூன்று மடங்கு கனம், பித்தளை இன்னும் கொஞ்சம் கூட. பித்தளையில் வேர்வை பட்டால் களிம்பு ஏறும், அது நூலிலும் இறங்கும். டைட்டானியம் நல்ல உலோகம்தான், விலைதான் அதிகம்.

ஊசி எந்த நம்பர்? டிசைன்ல 8-ன்னு போட்டிருக்கு, 8 வாங்கிட்டேன், சின்னதா வருதே?

இந்தக் கேள்வி நிறையப் பேரை அழவைத்திருக்கிறது. நம் கடைகளில் விற்கும் ஊசிகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர் இருக்கும், அதில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்க டிசைனில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். நம் ஊசியில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், அவர்களுடையதில் தடிக்கும். நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள்.

நடுத்தரத் தடிமன் நூலுக்கு 4 மில்லிமீட்டர் சரியாக இருக்கும். இரண்டு பக்கமும் கூரான ஊசிகள் ஐந்து, இல்லாவிட்டால் நீளமான ஒரு வட்ட ஊசி. ஊசி செதிலின் துளைக்குள் தாராளமாகப் போய் வர வேண்டும், வாங்கும்போதே ஒரு செதிலைப் போட்டுப் பாருங்கள்.

செதிலை எப்படிக் கோக்கறது? முன்னாடியே நூல்ல மணி மாதிரி கோத்து வெச்சுக்கணுமா?

வேண்டாம், ஒவ்வொன்றாகப் போடலாம். செதிலின் புடைத்த பக்கம் உங்களைப் பார்க்க, கூர் முனை கீழே தொங்க, வலது ஊசியின் நுனியைத் துளைக்குள் முன்னிருந்து பின்னாக விடுங்கள். அதே நுனியை இடது ஊசியில் இருக்கிற கண்ணிக்குள் வழக்கமான நிட் போல நுழையுங்கள். நூலைச் சுற்றி, கண்ணி வழியாகவும் துளை வழியாகவும் சேர்த்து முன்னே இழுங்கள். பழைய கண்ணியை விடுங்கள். செதில் இப்போது புதுக் கண்ணியில் தொங்கும். அடுத்த கண்ணியைக் கொஞ்சம் இறுக்கிப் போடுங்கள்.

அடுத்த சுற்றில் அந்தக் கண்ணி வரும்போது செதிலைக் கட்டைவிரலால் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டு பின்னினால் போதும். வட்டமாக இல்லாமல் விரிப்பாக, வரிசைக்கு வரிசை துணியைத் திருப்பிப் பின்னுகிறவர்கள் முன்பக்க வரிசையில் மட்டும் செதில் போடுங்கள்.

செதில் முனை முழங்கையைப் பார்க்குதே, விரலைப் பார்க்க வேணாமா?

மேலே சொன்ன முறையில் முனை எப்போதும் நீங்கள் தொடங்கிய ஓரத்தைப் பார்த்துத்தான் விழும். மணிக்கட்டிலிருந்து விரலுக்குப் பின்னினால் முனை முழங்கையைப் பார்க்கும், சட்டைக் கையிலிருந்தும் ஏதாவது பையிலிருந்தும் கையை வெளியே இழுக்கும்போது செதில் மாட்டித் தூக்கும். ஆகவே விரல் பக்கம் கண்ணி ஏற்றி முழங்கையை நோக்கிப் பின்னுங்கள். ஸ்வெட்டர் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு முதலில் தலைகீழாகத் தெரியும், அப்புறம் பழகிவிடும்.

கையை எங்கெங்க அளக்கணும்? சின்னது, பெரியதுன்னு சைஸ் போதாதா?

போதாது. நூல் கொடுக்கும், உலோகம் கொடுக்காது. சாதாரண உல்லன் கையுறையில் ஒரு செ.மீ. தவறினால் நூல் இழுபட்டுச் சமாளித்துவிடும். செதில் கையுறையில் இழுபட்ட இடத்தில் செதில்கள் விலகி நடுவில் நூல் பல்லிளிக்கும், தளர்ந்த இடத்தில் செதில்கள் குவிந்து தூக்கி நிற்கும். அந்தக் கைக்கென்று அளந்து பின்னியதுதான் கையுறையாக இருக்கும்.

அளவுகள் இவை: கட்டைவிரலை விட்டு விரல் மூட்டுகளைச் சுற்றி ஒரு சுற்றளவு, கட்டைவிரலையும் உள்ளே மடக்கி ஒன்று, மணிக்கட்டு, முன்கையின் பருத்த இடம். நீளத்தில் நடுவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை, அங்கிருந்து எங்கே முடிக்கப் போகிறீர்களோ அதுவரை. புறங்கை நீளத்தை மட்டும் இரண்டு தடவை எடுங்கள், விரித்த கையில் ஒன்று, முஷ்டி மடக்கி ஒன்று. இரண்டும் ஒன்றாக இருக்காது. வேலை செய்கிற கை பெரும்பாலும் கொஞ்சம் பருத்திருக்கும், அதனால் இரண்டு கையையும் தனித்தனியாக அளங்கள். நம் ஊர் வெயில் காலத்தில் சாயங்காலம் கை சற்று உப்பும், போடப்போவது சாயங்காலம் என்றால் சாயங்காலமே அளப்பது நல்லது.

அளவு எடுத்தாச்சு, இதைக் கண்ணியா எப்படி மாத்தறது?

முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள், செதிலோடு. செதில் இல்லாத துண்டை அளந்து கணக்குப் போட்டால் தப்பு வரும், செதில் சேர்ந்ததும் கண்ணியின் இறுக்கம் மாறுகிறது. பின்னியதும் ஓர் இரவு செங்குத்தாகத் தொங்கவிட்டு மறுநாள் அளங்கள்.

ஓர் உதாரணம். மாதிரியில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 சுற்று வந்தது என்று வையுங்கள். மூட்டுச் சுற்றளவு 19 செ.மீ. கையோடு ஒட்ட அதில் பத்து சதம் குறைத்தால் 17, ஆக 34 கண்ணி. முழுப் பருத்தி நூல் என்றால் ஐந்து சதம் மட்டும் குறைத்து 36 போடுங்கள். 34-ல் பாதி, அதாவது 17 கண்ணி, புறங்கை. செதில் அங்கே மட்டும், உள்ளங்கை வெறும் ரிப் (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும், நன்றாக நீண்டு சுருங்கும் பின்னல்). ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணியில் செதில் போட்டால் ஒரு வரிசையில் 9. மூன்று சுற்று வெறுமையாகப் பின்னி, நாலாவது சுற்றில் ஒரு கண்ணி தள்ளி 8. மறுபடி 9. இப்படி மாறி மாறி.

உங்கள் எண்கள் வேறாக வந்தால் இரண்டே விதி: பக்கத்துச் செதிலுக்கு உள்ள தூரம் செதிலின் அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் உள்ள தூரம் துளையிலிருந்து முனை வரையுள்ள நீளத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மேலே உள்ள கணக்கில் பக்கவாட்டில் 10 மில்லிமீட்டர், செதில் 14, சரி.

மொத்தம் எத்தனை செதில் ஆகும்?

அதே கையை எடுத்துக்கொண்டால், புறங்கை 9 செ.மீ.க்கு 25 சுற்று, ஆறு செதில் வரிசை, 51 செதில். முன்கையில் 15 செ.மீ. வரை போனால் இன்னும் பத்து வரிசை, அகலம் கூடிக்கொண்டே போவதால் ஏறக்குறைய நூறு. ஒரு கைக்கு 150, ஜோடிக்கு 300, மேலே சொன்ன கூடுதலையும் சேர்த்து 330 வாங்குங்கள். அலுமினியத்தில் ஒரு கைக்கு 40 கிராம் சுமார், எஃகில் நூறைத் தாண்டும்.

கட்டைவிரலுக்கு என்ன பண்றது? அது இடது, வலதுன்னு மாறுமே?

விரல் பக்கமிருந்து வருவதால் கட்டைவிரல் இடத்தில் கண்ணிகளைக் கூட்டாமல், ஒரு பிளவு விட்டுவிடுவது எளிது. அந்த இடம் வந்ததும் வட்டமாகப் பின்னுவதை நிறுத்தி, பிளவின் உயரத்துக்கு முன்னும் பின்னுமாக விரிப்பாகப் பின்னி, மறுபடி வட்டத்தைச் சேருங்கள். கடைசியில் பிளவைச் சுற்றிக் கண்ணி எடுத்து ஒரு சிறு குழாய் பின்னினால் கட்டைவிரல் தயார். அதில் செதில் வேண்டாம், எதையும் பிடிக்க முடியாது. மற்ற விரல்களையும் திறந்தே விடச் சொல்வேன். போன் தொடலாம், பணம் எண்ணலாம், சாப்பிடக்கூடக் கழற்ற வேண்டியதில்லை.

இடது வலது வித்தியாசம் பிளவு எந்த ஓரத்தில் வருகிறது என்பதில் மட்டும்தான், செதில் பகுதி இரண்டிலும் ஒன்றே. ஆனால் போட்டுப் பார்க்கும்போது செதில் பகுதியின் நடு வரி நடுவிரலுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரல் இழுப்பதில் பலருக்கு ஒரு கண்ணி அளவு சாய்ந்திருக்கும், பிளவை ஒரு கண்ணி உள்ளங்கைப் பக்கம் தள்ளினால் நேராகும்.

முஷ்டி மடக்கினா நடுவுல நூல் தெரியுது, எப்படி மறைக்கறது?

இரண்டு நீளம் எடுக்கச் சொன்னது இதற்குத்தான். முஷ்டி நீளம் விரித்த நீளத்தைவிட எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்குப் புறங்கையில் செதில் வரிசைகள் நெருங்க வேண்டும். மூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று வரிசைகளுக்கு மட்டும் நாலு சுற்று இடைவெளியை மூன்றாக்குங்கள், விரிப்பாகப் பின்னுகிற பிளவுப் பகுதியில் இரண்டாக்குங்கள். அதற்குமேல் நெருக்கினால் செதில் எழும்பி நிற்கும். மிச்சத்தை நூலின் நிறம் பார்த்துக்கொள்ளும்: பச்சைச் செதிலுக்குக் கரும்பச்சை நூல், வெள்ளிக்குச் சாம்பல். வேறு நிறம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களைத் தடுக்க மாட்டேன், சிவப்புச் செதிலுக்கடியில் கறுப்பு எட்டிப் பார்ப்பது தனி அழகு.

மணிக்கட்டு ஒல்லி, முன்கை பருமன். செதில் வரிசை கலையாம எப்படிக் குறைச்சுக் கூட்டறது?

குறைப்பதை எல்லாம் உள்ளங்கைப் பக்கம் செய்யுங்கள். 34-ஐ 30 ஆக்க வேண்டுமா, ரிப் பகுதியில் நாலு கண்ணியைக் குறையுங்கள், புறங்கையின் 17 அப்படியே இருக்கட்டும். கட்டைவிரலை மடக்கிய கை அந்த மணிக்கட்டு வழியாகத்தானே நுழைய வேண்டும், ரிப் அதற்கு நீண்டு கொடுக்கும். அதனால்தான் முழுச் சுற்றிலும் செதில் போடாதீர்கள் என்கிறேன்.

முன்கையில் கூட்டும்போது செதில் பகுதியின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி, வெறும் சுற்றில். இரண்டு கண்ணி கூடினால் சரியாக ஒரு செதில் கூடும், வரிசை மாறும் கணக்குக் கெடாது. ஒரு ஓரத்தில் மட்டும் கூட்டினால் எல்லாம் சாய்ந்துவிடும்.

உள்ளங்கைல தோல் வெச்சுத் தைக்கலாமா? நம்ம ஊர்ல தோலுக்கா பஞ்சம்?

தாராளமாக. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று சுற்றிலும் தோல் ஊர்கள். கையுறைக்கு ஷூத் தோல் வேண்டாம், மெல்லிய, மென்மையான ஆட்டுத்தோல் வெட்டுத் துண்டுகள் போதும். தோல் நூலைப் போல நீளாது, ஆகவே அதை முழு உள்ளங்கைக்கும் ஒட்டினால் மேலே சொன்ன ரிப் செய்ய வேண்டிய வேலை நின்றுபோகும். பிடிமானம் வேண்டிய நடுப்பகுதிக்கு மட்டும் முட்டை வடிவத் துண்டு ஒன்று, கையைப் போட்டு விரித்த நிலையில் ஊசி குத்தி அடையாளம் வைத்து, அப்புறம் கழற்றித் தையுங்கள். தைப்பதற்கு முன்னால் ஈர வெள்ளைத் துணியால் தோலைத் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தெருக்கூத்துல போட்டுக்கலாமா?

புரிசைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டது. பழைய வட ஆற்காடு முழுக்கக் கூத்து மண், அங்கே புஜக்கட்டையும் மார்புக்கட்டையும் கண்ணாடிச் சில்லு வைத்து விளக்கில் மின்னுவதற்கென்றே செய்தவை. செதிலும் அந்த வெளிச்சத்தில் அபாரமாக மின்னும். ஆனால் வேஷத்துக்கென்று முறை இருக்கிறது, வாத்தியாரைக் கேட்காமல் எதையும் சேர்க்கக் கூடாது. இன்னொன்று, கையை வீசும்போது செதில் சலசலக்கும், மைக் பக்கத்தில் அது கேட்கும்.

எப்படித் துவைக்கறது? புளி போட்டுத் தேய்க்கலாமா?

புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், சலவைச் சோடாவும் பிளீச்சும் கூடவே கூடாது. சாயம் ஏற்றிய அலுமினியத்தின் மேல்பூச்சைப் புளிப்பும் காரமும் இரண்டும் கெடுக்கும். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரிலோ கொஞ்சம் ஷாம்பூவிலோ முக்கி, பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி எடுங்கள். நம் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் செதிலில் வெள்ளைப் புள்ளி விழும், கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் ஒரு சொம்பு ஒதுக்குங்கள். நிழலில் படுக்கையாகக் காயவையுங்கள். தோல் வைத்திருந்தால் முக்கவே வேண்டாம், துடைப்பதோடு சரி.

ஒரு செதில் மட்டும் வளைஞ்சுபோச்சு, மொத்தத்தையும் பிரிக்கணுமா?

பிரிக்க வேண்டாம், நூலையும் வெட்ட வேண்டாம். தகடு வெட்டும் கத்தரியால் அந்தச் செதிலையே துளை வரைக்கும் வெட்டி உருவிவிடுங்கள். புதுச் செதிலை அதே இடத்தில் வைத்து, அதே நூலை மொட்டை ஊசியில் கோத்து, கண்ணி போன வழியிலேயே ஒரு தடவை மேலாகப் போய்த் தையுங்கள். பின்பக்கம் நூல் முனையை நாலைந்து கண்ணிக்குள் ஓட்டி மறைத்தால் தெரியாது.

பெங்களூர்ல இருக்கற தங்கைக்குப் பின்னணும், கை இங்க இல்லையே?

தாளில் கையை வைத்துப் பென்சிலால் வரையச் சொல்லி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது நீளங்களுக்கு. சுற்றளவுகளை டேப்பைக் கையில் சுற்றிய நிலையிலேயே படமாக வாங்குங்கள், வாயால் சொல்லும் எண்ணில் டேப்பின் இறுக்கம் தெரியாது. முஷ்டி நீளத்தைப் பலர் விட்டுவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள். பின்ன ஆரம்பித்து மணிக்கட்டு வந்ததும் கண்ணிகளை ஒரு பழைய நூலில் ஏற்றி, அந்த நிலையிலேயே கூரியரில் அனுப்பிப் போட்டுப் பார்க்கச் சொன்னாலும் தகும்.

முதல்ல கச்சிதமா இருந்துச்சு, கொஞ்ச நாள் கழிச்சு நீண்டு விரல் வரைக்கும் வந்துடுச்சு. ஏன்?

மூன்று காரணம் இருக்கலாம். ஆணியில் தொங்கவிட்டு வைத்திருப்பீர்கள், 40 கிராமும் இரவு பகலாக நூலை இழுத்திருக்கும், இனி படுக்கையாக வையுங்கள். இல்லாவிட்டால் மாதிரித் துண்டைத் தொங்கவிடாமல் அளந்திருப்பீர்கள். மூன்றாவது, முழுப் பருத்தி நூல்.

பிரிக்காமல் சரிசெய்ய வழி உண்டு. முழங்கைப் பக்கம் மூடிய ஓரத்தைப் பிரித்து, ஊசியில் கண்ணிகளை எடுத்து, ஒரு அளவு மெல்லிய ஊசியால் மூன்று செ.மீ. ரிப் பின்னி, இரண்டு சுற்றுக்கு மெல்லிய எலாஸ்டிக் நூலைச் சேர்த்து மூடுங்கள். மேலே பிடிப்பு வந்ததும் கையுறை கீழே இறங்காது. மணிக்கட்டின் உள்பக்கத்திலும் அதே எலாஸ்டிக் நூலை ஊசியால் இரண்டு வரி ஓட்டலாம், செதில் பக்கம் போகாமல் ரிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.